டிசம்பர் தாளின் பின்பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன், இல்லாவிட்டால் மைக்கில் அந்த இரைச்சல்தான் கேட்கும். மே மாதத்தில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்தச் சுவரில் ஆணி தெரிகிறதா? இதில்தான் எங்கள் வீட்டு மாதக் காலண்டர் தொங்கும். கரண்ட் பில், ரயில் டிக்கெட், பென்ஷன், மெயில் என்று அப்பாவின் எட்டு பாஸ்வேர்டும் டிசம்பர் தாளின் பின்பக்கம் நீல மையில் இருந்தன. ஜனவரியில் புதுக் காலண்டர் வந்தது, பழையது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. பொங்கல் முடிந்து காட்பாடியிலிருந்து டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் அப்பா நிமிர்ந்து ஆணியைப் பார்த்தார்.

ஒவ்வொன்றாக ஓடிபி வாங்கி மீட்டோம். பாதி கணக்கு அவருடைய பழைய செல் நம்பரில் இருந்தது. அந்தக் கதை வேண்டாம்.

காகிதத்தில் எழுதியதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்குச் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் பீரோ எட்டாது. கோளாறு வேறு இடத்தில். எட்டில் ஆறு ஒரே பாஸ்வேர்ட்! ஊர்ப் பெயர், ஒரு அட் குறி, பிறந்த வருடம். ஏதாவது ஒரு தளத்தில் அது கசிந்தால் போதும், அதே மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்ட்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

சரி, இப்போது திரையைப் பாருங்கள். கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருள், இலவசம். எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு நம் கணினியில்தான் இருக்கும், நாமாக ஏற்றினால் தவிர யார் சர்வருக்கும் போகாது. புதுக் கோப்பு போடும்போது இங்கே ஒரு ஸ்லைடர் வருகிறது பாருங்கள், பூட்டைத் திறக்கக் கணினி போடும் கணக்கு எவ்வளவு நேரம் எடுக்கட்டும் என்று. ஒரு நொடியிலேயே விட்டிருக்கிறேன். நமக்கு ஒரு நொடி ஒன்றுமில்லை. கோப்பைத் திருடியவனோ ஒவ்வொரு யூகத்துக்கும் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டாக வேண்டும். கோடிக்கணக்கில் போட்டுப் பார்க்க நினைப்பவனுக்கு அது பெரிய தலைவலி.

இதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு அப்பா, "இன்னாம்மா, நானே நாலு வார்த்தை சொல்றேனே" என்று கோட்டை, அகழி, ஜலகண்டேஸ்வரர், முள்ளுக்கத்திரிக்காய் என அடுக்கினார். அது வேலூரில் யார் வாயிலும் வரும். அதனால் பரமபதப் பெட்டியிலிருந்து பகடையை எடுத்தோம். 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் சொன்ன டைஸ்வேர் முறை. ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்திலக்க எண். 7776 சொற்கள் உள்ள பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஆறு சொல். பகடைக்கு வேலூர் தெரியாது, அதுதான் வசதி. வந்த ஆறையும் கோத்து அப்பா ஒரு கதை கட்டிக்கொண்டார். கதையைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

மாஸ்டரை மறந்தால் ஓடிபியும் கிடையாது, கஸ்டமர் கேரும் கிடையாது. ஆகவே அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையில் வைத்தோம். கோப்பின் நகல் இரண்டு பென்டிரைவில்.

பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017இல் அந்தக் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். கெடு வைத்து மாற்றச் சொன்னால் நாம் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவோம், அவ்வளவுதான்.

இன்னொரு லாபம். கீபாஸ்எக்ஸ்சியைப் பிரவுசரோடு இணைத்துவிட்டால், வங்கித் தளம் போலவே போலியாக ஒன்று வந்தாலும் முகவரி வேறு என்பதால் இது பாஸ்வேர்டை நிரப்பாது. நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. நிரப்பவில்லை என்றால் கையால் அடிக்காதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

நேற்று புதுக் காலண்டரின் டிசம்பர் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பால் கணக்கு மட்டும் இருந்தது. சரி, ஃபேனைப் போடுகிறேன்.