வாட்டை விட்டு லயத்துக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அனுபவமுள்ள தாதி ஒருவர் சுதந்திரமாகப் பணி செய்ய ஏற்ற இடம் வைத்தியசாலையா, வெளியா என்பது இன்றைய கேள்வி. வெளியே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "மாதச் சம்பளம், பென்ஷன், கூப்பிட்டால் டொக்டர். இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போவது?" என்று கேட்டார். எங்கே என்று சொல்கிறேன், அம்மா. இலங்கை மலையகத்தில் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்கு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு.

அங்கே சுகர் உள்ள ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். காலமெல்லாம் கொழுந்து மலை ஏறி இறங்கிய கால். பெருவிரலுக்கு அடியில் புண். கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் படியில் இறக்கிவிட ஒரு ஆள், ரோட்டுக்கு ஓட்டோ, பிறகு பஸ். கூடப் போகிற மருமகளுக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாது. அதனால் ஒரு தடவை தவறும். அடுத்த தடவை பழைய துணியைச் சுற்றிக்கொள்வார்கள். விரலோடு போயிருக்க வேண்டியது முழங்காலோடு போகிறது.

வருடக்கணக்கில் மருந்து கட்டிப் பழகிய ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, அந்த வாசலுக்கு வந்தால்? புண்ணின் வாடையே அவருக்குப் பாதி சொல்லிவிடும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். செருப்பைத் திருப்பி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று மருமகளிடம் கேட்பார். வாட்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் ஏது? இந்த நோயாளிக்கு இன்று எவ்வளவு நேரம் என்பதைத் தாதியே தீர்மானிப்பதைத்தான் நாங்கள் சுதந்திரம் என்கிறோம்.

இது நாங்கள் காணும் கனவல்ல. 1859இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியைக் கடைசிக் காலத்தில் கவனித்த மேரி ராபின்சன் என்ற தாதியை ஏழைகளின் வீடுகளுக்கே அனுப்பினார். 2006இல் நெதர்லாந்தில் யோஸ் டி ப்லொக் என்ற தாதி வீட்டுப் பராமரிப்பு அமைப்பொன்றைத் தொடங்கினார். ஒரு குழுவில் கூடினால் 12 பேர். மேலாளர் கிடையாது. நேர அட்டவணையைத் தாதியரே போடுகிறார்கள்.

"சட்டம் விடுமா?" என்று கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிய வேண்டும். பதிவோம். மருந்து எழுதுவது டொக்டரின் வேலை. அதில் கை வைக்க மாட்டோம்.

காசு? இது நியாயமான கேள்வி. லயத்து வருமானத்தை மட்டும் நம்பி எந்தத் தாதியும் பிழைக்க முடியாது. ஆனால் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே கிடக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! அந்த வீடுகளில் உரிய கட்டணம் வாங்கலாம். ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் பராமரிப்பு வேலைக்குப் போகத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தலாம். இந்த இரண்டும் வயிற்றுக்குப் போதும். லயத்துக்கு மனநிம்மதியோடு போகலாம்.

மிஞ்சுவது பென்ஷன் பயம். 2022இல் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ வேலை செய்யலாம், பணிமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்று. நாம் அதில் விமானத்தை மட்டும்தான் பார்த்தோம். அதே ஏற்பாட்டை, தோட்டத்தில் வீடு வீடாகப் பணி செய்ய முன்வரும் தாதிக்கு நிரந்தரமாகக் கொடுங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறோம், நடுவர் அவர்களே. நன்றி.