காலிக் கல்லின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய் வந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். போனதும் எல்லோரும் தேடுவது கண்டி அரசரின் சிம்மாசனத்தையும் கிரீடத்தையும்தான். ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தவை அவை. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அவசரத்தில் ஒரு கல்லைத் தாண்டிப் போய்விடுகிறோமே, அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1911ஆம் ஆண்டு, காலி நகரில், மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது அந்தக் கல். ஒரு பொறியியலாளர் கண்ணில் பட்டதால் தப்பியது. உச்சியில் இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்தது. கல்லில் உள்ள ஆண்டு 1409.

சீன வரிகள் புத்தரைப் போற்றுகின்றன. தமிழ் வரிகள் தேனவரை நாயனாரை, அதாவது தென்னிலங்கைத் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலைப் போற்றுகின்றன. பாரசீக வரிகள் அல்லாஹ்வை. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. பொன் மட்டும் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம். மூன்று இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு! யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தக் கல் இலங்கையில் வெட்டப்பட்டதல்ல. சீனாவின் நான்ஜிங்கில் எழுத்துப் பொறித்துக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். அப்படியென்றால் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நான்ஜிங்கில் உட்கார்ந்து யாரோ தமிழ் எழுதியிருக்கிறார். வணிகரா, மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியா, தெரியாது. காலித் துறைமுகத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் அது தமிழிலும் இருக்க வேண்டும் என்று சீனப் பேரரசு கருதியது. இதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, எல்லாம் சமாதானமாகவே நடந்ததா? இல்லை. இதே கடற்பயணத்தில்தான் ஜெங் ஹே இங்குள்ள ஆட்சியாளர் அழகக்கோனாரோடு போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கையும் வந்தது, படையும் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பொலன்னறுவைச் சிவாலயத்தில் கிடைத்த நடராசரும் சுந்தரரும் அதே நூதனசாலையில் இருக்கிறார்கள். சோழர் கால வெண்கல மரபு. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தை ஆளுநர் கிரெகரிக்காகக் கட்டிக் கொடுத்தவர் வாப்புச்சி மரிக்கார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எல்லா மண்டபத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டாதீர்கள். காலிக் கல்லின் முன்னால் பிள்ளைகளை அரை மணி நேரம் விடுங்கள். தேய்ந்த எழுத்துத்தான், பாரசீகப் பகுதி மிகவும் சிதைந்துவிட்டது. தமிழில் இரண்டு எழுத்தையாவது அவர்களே கண்டுபிடிக்கட்டும்.