மோதுவதென்றால் ஏற்றத்தில் மோதுவோம்

நடுவர் அவர்களே, பொள்ளாச்சிப் பெரியோர்களே, விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

'செக்மென்ட் சாதனைக்கு மதிப்புத் தருவது வேகத் துடிப்பா, பாதுகாப்பு உணர்வா?' என்பது தலைப்பு. பாதுகாப்பு உணர்வே என்று பேச வந்திருக்கிறேன். செக்மென்ட் என்றால் என்னவென்று கேட்கும் பெரியவர்களுக்கு: ஸ்ட்ராவா என்றொரு செயலி இருக்கிறது. அதில் சாலையின் ஒரு பகுதியை இங்கிருந்து இதுவரை என்று குறித்துவிட்டால், அந்தச் செயலியோடு அதைக் கடந்து போகிறவர்களின் நேரமெல்லாம் பட்டியலில் ஏறிவிடும். முதலிடம் பிடித்தவருக்குக் கே.ஓ.எம்., அதாவது 'மலையின் மன்னன்' என்று பட்டம், கிரீடக் குறியோடு.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "போட்டி இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் விடிகாலையில் எழுந்திருப்பார்களா?" என்று கேட்டார். பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். போட்டி வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "ஆபத்தைத் தேடிப் போவது அவரவர் விருப்பம்" என்றார் பாருங்கள், அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

2012-ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ. பரபரப்பான ஒரு சந்திப்பை நோக்கி இறக்கத்தில் வேகமாக வந்த சைக்கிள்காரர், சாலையைக் கடந்துகொண்டிருந்த 71 வயதுப் பெரியவர் மீது மோதினார். பெரியவர் இறந்துபோனார். மோதியவர் மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1,000 மணி நேரச் சமூகப் பணி என்று தண்டனை பெற்றார். சாலையைக் கடக்க வந்த அந்தப் பெரியவரிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா? ஹெல்மெட் போட்டுத்தானே ஓட்டுகிறோம் என்கிறீர்கள். நல்லது, கட்டாயம் போடுங்கள். ஆனால் அது உங்கள் தலையைத்தான் காக்கும்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2010-இல், பெர்க்லி மலையில் இன்னொருவர். அவர் வைத்திருந்த இறக்கச் சாதனையை வேறொருவர் முறியடித்துவிட்டார். அதை மீட்கப் போனவர் காருக்காகச் சட்டென்று பிரேக் பிடித்து, விழுந்து, உயிரை விட்டார். குடும்பத்தார் செயலி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2013-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. பட்டியலை வைத்திருப்பது யாராக இருந்தாலும் பிரேக் நம் கையில்தான் இருக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலையில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே திறமையா நடுவர் அவர்களே? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 218 வாட் சக்தியைக் கால்கள் இடைவிடாமல் தர வேண்டும். காற்றும் டயரும் கேட்பது தனிக் கணக்கு. அந்த நேரம் மாதக்கணக்கான பயிற்சியில் வருவது. அதே மலையில் இறங்கும்போது சக்தியை மலையே தந்துவிடுகிறது. அங்கே நேரத்தைக் குறைப்பது பெரும்பாலும் பிரேக்கைத் தொடாத துணிச்சல்தான். கூடவே எதிரே பஸ் வராத அதிர்ஷ்டம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். கண் பார்த்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. பஸ் திரும்பும்போது முழுச் சாலையும் அதற்குத்தான் வேண்டும். பாறையிலிருந்து வரையாடு எப்போது இறங்கி வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒதுங்க இடமில்லாத மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. இறக்கத்தில் கிரீடம் தேடுகிறவருக்கோ, நின்று வழிவிட்டால் கிரீடம் போய்விடும். விதியை மதித்தால் தோற்றுவிடுவோம் என்றால், அதை எப்படிப் போட்டி என்று சொல்வது?

முழுச் சாலையையும் மூடிவிட்டுப் பந்தயம் நடத்தும் உலக சைக்கிள் சம்மேளனமே, சட்டகத்தின் மேல்குழாயில் உட்கார்ந்து இறங்குவதை 2021 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. அதற்கென்றே பிழைப்பு நடத்தும் வீரர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு. நமக்கோ எதிரே இளநீர் லாரி வருகிறது.

சமதரையும் எனக்குக் கவலைதான். தை மாதம் உடுமலை வழியாகப் பழனிக்குப் போகும் சாலையைப் பார்த்திருப்பீர்கள். இருட்டோடு இருட்டாகக் காவடியும் கையுமாக, செருப்பில்லாமல், குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். நம் பிள்ளைகள் வேகமெடுப்பதும் அதே விடிகாலையில்தான். "ஏனுங் தம்பி, கொஞ்சம் பாத்துப் போங்க" என்று ஓர் ஆத்தா சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் அவரைக் கடந்துவிடும். தைப்பூசம் முடியும்வரை அந்தச் செக்மென்ட்டைத் தொடாதீர்கள் தம்பிகளா. பட்டியல் எங்கேயும் போய்விடாது.

அப்புறம், ஒரு நொடி வித்தியாசத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்களே, அந்த நொடியையாவது நம்பலாமா? கைப்பேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். குட்டிச் செக்மென்ட்டில் ஒரு நொடி முந்தினோமா பிந்தினோமா என்று அந்தக் கருவியால் அடித்துச் சொல்ல முடியாது.

எங்கள் அணி கேட்பது இதுதான். போட்டியை ஏற்றத்துக்குக் கொண்டு போங்கள். மருதமலையில் மோதுங்கள், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஏறிக் காட்டுங்கள். நானே ஓரத்தில் நின்று கைதட்டுகிறேன். இறக்கத்துச் செக்மென்ட்டை ஆபத்தானது என்று குறிக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது. கண்ணில் பட்டதும் குறியுங்கள். 2020-இல் 'லோக்கல் லெஜண்ட்' என்று இன்னொரு பட்டமும் கொண்டுவந்தார்கள். 90 நாட்களில் ஒரு செக்மென்ட்டை அதிக முறை ஓட்டியவருக்கு அது கிடைக்கும், வேகம் கணக்கில்லை. வயதான சைக்கிள்காரரும் இருபது வயதுப் பிள்ளையும் சமமாக மோதலாம். இது போட்டி இல்லையா?

செக்மென்ட்டின் நடுவே சிக்னலில் நின்றாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. நின்ற நேரமும் சேர்ந்துதான் பட்டியலில் ஏறும். அதனால் நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: சிவப்பு விளக்கில் நின்று, நடந்து போகிறவருக்கு வழிவிட்டு, பிறகு ஓட்டியவருக்கு உங்கள் பட்டியலில் எத்தனையாவது இடம்?