பிளைபரோ தேவதூதர்களும் ஒழுகிய கூரையும்

(இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நகரசபையிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர் அவர்களே, நமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இந்த மண்டபத்தை வாடகைக்குத் தந்திருக்கும் ஆலயத்தின் போதகர் அவர்களே, புரவலர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் பெற்றோர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய மகளிர் அணித் தலைவிக்குத் தனியாக ஒரு நன்றி. போதகருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பொருளாளர் காதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். ஐயா, பீலி, அதாவது கூரை ஓரத்து மழைநீர் வடிகால், பற்றி வரும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிறு துளி பெருவெள்ளம் என்று உண்டியல் வைப்பவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். நான் கூரையைப் பார்த்துச் சொல்கிறவன். இன்றைக்கு ஒரு பழைய ஆலயத்தின் வரலாறு, அதன் மரவேலை, அதன் மணிகள் என்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன்.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பிளைத் ஆற்றின் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறது பிளைபரோ பரிசுத்த திரித்துவ ஆலயம். 'சதுப்பு நிலத்தின் கதீட்ரல்' என்பார்கள். 15ஆம் நூற்றாண்டில், ஆற்று வணிகத்தில் பணம் புரண்ட காலத்தில் கட்டியது. மேல்வரிசையில் மட்டும் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள். அப்புறம் 1537இல் ஊரின் துறவிமடத்தை மூடினார்கள், ஆறு மண்மூடியது, கப்பல் வருவது நின்றது. ஊர் சிறுத்துப்போனது. கூரை மட்டும் அதே அளவில் இருந்தது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே போனால் முதலில் பெஞ்சுகளைப் பாருங்கள். அவற்றின் முனையில் மனிதப் பாவங்களை உருவமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பேறி கட்டிலை விட்டு எழவில்லை, பேராசைக்காரன் பணப்பெட்டி மேல் குந்தியிருக்கிறான், பெருந்தீனிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நம் நிர்வாகக் குழுவைப் பார்த்துச் செதுக்கியதல்ல, யாரும் கோபிக்க வேண்டாம். 1682ஆம் ஆண்டு தேதியிட்ட ஜாக் என்ற மரப்பொம்மை கையில் கோடரியோடு நிற்கிறது. ஆராதனை தொடங்கும்போது மணியில் ஓங்கி ஒரு அடி.

ஆனால் பிள்ளைகள் கேட்பது நாய்க் கதையைத்தான். சரி, சொல்கிறேன். 1577ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. சனம் முழுக்க ஆலயத்துக்குள். வெளியே வானம் கறுத்து, இடி இடிக்கிறது. கதவு படாரென்று திறக்கிறது. உள்ளே வருகிறது ஒரு கறுப்பு நாய்! கன்றுக்குட்டி அளவு என்பார் சிலர், நான் இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் வளர்கிறது. ஒரு ஆளும் ஒரு பையனும் அங்கேயே செத்து விழுகிறார்கள். கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுகிறது. நாய் வடக்குக் கதவைப் பிறாண்டிவிட்டு ஓடிப்போகிறது. அதே நாளில் பங்கே என்ற ஊர் ஆலயத்திலும் அது புகுந்ததாக அப்போதே அச்சிட்டு விற்றார்கள். பிளைபரோவின் வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இன்றும் இருக்கின்றன, 'சாத்தானின் விரல்தடம்' என்று காட்டுவார்கள். மெழுகுதிரியால் வேண்டுமென்றே சுட்ட தடம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. நாயை விடுங்கள். விழுந்தது மின்னல், உடைந்தது கூரை. நான் பார்ப்பது அதைத்தான்.

அந்தக் கூரையின் நடுவில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள் வரிசையாக இருக்கிறார்கள், பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. 1644 ஏப்ரலில் வில்லியம் டௌசிங் என்பவர், ஆலயங்களில் உள்ள உருவங்களை அகற்றப் பாராளுமன்றத் தரப்பு தந்த ஆணையோடு வந்து, 20 தேவதூதர்களை இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். எட்டாத உயரமோ என்னவோ, பலர் தப்பிவிட்டார்கள். டௌசிங்கின் ஆட்கள்தான் அந்தத் தேவதூதர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று ஊரில் நெடுநாள் பேச்சு. பிறகு மரத்தில் கிடைத்த ஈயக்குண்டுகள் 18ஆம் நூற்றாண்டுக்கு உரியவை என்று தெரியவந்தது. காக்கை இனத்துப் பறவைகளை விரட்ட ஆலயத்தாரே செலவு செய்து சுட்டிருக்கிறார்கள்.

ஆகப் பகைவனும் சரி, துப்பாக்கியும் சரி, இந்த ஆலயத்தை மூடவில்லை. மூடியது மழைநீர். சிறு துளி பெருவெள்ளம்! 19ஆம் நூற்றாண்டில் சனம் உள்ளே குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். 1881இல் ஆபத்தான கட்டடம் என்று பூட்டினார்கள், 1884இல்தான் மறுபடி திறந்தது. எப்படிப் பழுதுபார்ப்பது என்பதில் பெரிய சண்டை. பழையதைப் பிடுங்கிப் புதியதை வைக்காதே, அன்றாடம் பராமரித்துச் சிதைவைத் தள்ளிப்போடு என்று பழைய கட்டடங்களைக் காக்க 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய சங்கம் வாதாடியது. நானும் அந்தக் கட்சிதான்.

மணிகளுக்கு நேரமில்லை, அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். போதகர் ஐயா, இந்த மண்டபத்தின் வடக்குப் பக்கப் பீலியில் இலை அடைத்துச் செடியே முளைத்திருக்கிறது. தண்ணீர் சுவர் வழியாக இறங்குகிறது. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் சுவர் அது. சிறு துளி பெருவெள்ளம் என்று நான் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கே அலுத்துவிட்டது. வாடகை கொடுக்கிறோமே, அது அவர்கள் வேலை என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் முன்வரிசையில் இருக்கிறார், மரியாதையோடு மறுக்கிறேன். ஒழுகினால் நனைவது நம் பிள்ளைகளின் கொப்பியும்தான்.

போதகர் சம்மதித்தால் நவம்பர் முதல் சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் தொடங்கலாம். ஏணியில் ஏறுவது பழக்கமுள்ள பெரியவர்கள் மட்டும். பிள்ளைகள் கீழே இலை அள்ளட்டும். கையுறை கொண்டுவாருங்கள். வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறேன், பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். தேநீரும் வடையும் மகளிர் அணி பொறுப்பு என்று இப்போதுதான் தலைவி தலையாட்டினார்.