மீன் கடை மின் கடை ஆகாமல் இருக்க

(புதுச்சேரியில் பெயர்ப்பலகைத் தொழிலாளர்களும் அச்சகத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

முனை உருண்ட தடித்த எழுத்து என்றதும் ஐஸ்கிரீம் கடையும் மழலையர் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். அதையே கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டுப் பாருங்கள், கடைத் திறப்பு விழா மாதிரி இருக்கும்! ஆனாலும் விளையாட்டு எழுத்து என்று தள்ளிவிட முடியாது. ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்துக்காகச் செய்த வாக் ரவுண்டட் எழுத்துரு இந்த வகைதான். ஆப்பிள் விசைப்பலகைகளில் வெகுகாலம் இருந்ததும் அதுவே.

ஆங்கில எழுத்தில் நேர்கோடு அதிகம், முனையை உருட்டினால் உடனே தெரியும். தமிழில் ண, ஞ, ஐ எல்லாம் ஏற்கெனவே வளைவுதான். ப, ட, ம போன்ற சில எழுத்துகளில்தான் அந்த உருட்டல் கண்ணில் படும். ஆகவே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது முனையைப் பார்க்காதீர்கள். சுழிக்குள் இருக்கும் ஓட்டையைப் பாருங்கள்.

கோடு தடிக்கத் தடிக்க ஓட்டை அடைபட்டுப்போகும். மூணுசுழி ண-வில் ஒரு சுழி அடைந்தால் ரெண்டுசுழி ன போலத் தெரியும், மணம் மனமாகிவிடும். மேல்விலங்கின், அதாவது ஈகாரக் குறியின், சுழி அடைந்தால் மீன் மின்னாகும். கடலூர் துறைமுகத்தில் மீன் கடைக்குப் பலகை எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமா? ஏகாரத்துக்கு வரும் இரட்டைக்கொம்பின் மேற்சுழி போனால் தேன் தென் ஆகிவிடும்.

நம் கடைகளில் நடக்கும் பெரிய தப்பு, சாதாரண எழுத்துக்குக் கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் அவுட்லைன் (சுற்றுக்கோடு) போட்டுத் தடிமனாக்குவது. 2 மி.மீ. அவுட்லைன் போட்டால் அதில் பாதி, 1 மி.மீ., ஓட்டைக்குள் எல்லாப் பக்கமும் இறங்கும். 3 மி.மீ. ஓட்டை 1 மி.மீ. ஆகிவிடும். தடித்த எழுத்தாகவே வரைந்ததை எடுங்கள். மும்பை ஏக் டைப் குழுவினரின் பாலூ தம்பி எழுத்துரு இலவசம். அதன் இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன்கள் உண்டு. புதுவைப் பலகைகளில் பிரெஞ்சும் வருமே, அந்த மேற்குறி எழுத்துகளும் அதில் இருக்கின்றன.

ஸ்டிக்கர் வெட்டுகிறவர்களுக்கு உருண்ட முனையால் ஒரு லாபம்: கடற்காற்றில் முதலில் கிளம்புவது கூர்மூலைதான். புள்ளி மட்டும் தொல்லை. சிறிதாக இருந்தால் பிளேடோடு வந்துவிடும்; எழுத்தோடு ஒட்டியிருந்தால் மெய்யா உயிர்மெய்யா என்று தெரியாது. நடுவில் கோட்டின் அகலத்தில் பாதியாவது இடைவெளி விடுங்கள்.

வெட்டுமுன் ஒரு சோதனை. ஓர் அங்குல எழுத்துக்குப் பத்தடி தூரம் என்பது தொழில் கணக்கு. 12 அங்குல எழுத்து 120 அடியிலிருந்து படிக்கத்தக்கது. "மீன் தேன் மணம்" என்று பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 1.2 அங்குலத்தில், அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, 12 அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மூன்றையும் பிசகாமல் படிக்க முடிந்தால் எழுத்தை கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி வெட்டும் மெஷினுக்கு அனுப்புங்கள். கர்வாக மாற்றாவிட்டால், அந்தக் கணினியில் எழுத்துரு இல்லாதபோது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும்.