ஏரிக்கு ஒரு நாள்: லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் முழுநாள் நடை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் சுவிஸில் வாழும் நம் குடும்பங்களில் மலைக்குப் போகும் பேச்சு எழுந்துவிடும். பெரும்பாலும் கேபிள் காரில் ஏறுவோம், மேலே படம் எடுப்போம், இறங்கிவிடுவோம். ஆனால் காலையில் பள்ளத்தாக்கின் அடியில் நடக்கத் தொடங்கி, ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறி, மாலையில் இறங்கி வந்து சேர்கிற ஒரு நாளில் மலை நமக்குக் கொடுப்பது வேறு. நம்மவர்கள் இன்னும் பலர் அதைப் பெற வேண்டும் என்ற ஆசையோடுதான் பேச வந்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். பேர்ண் மாநிலத்தில், இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்பார்கள். ஊருக்கு மேலே ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்திலிருந்து ஸ்டௌப்பாக் அருவி விழுகிறது. பயணிகளில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாம் பேருந்தில் ஸ்டெக்கல்பேர்க் வரை போவோம். வீதி முடிகிற இடம் அது. அங்கிருந்து காட்டு வழியே ட்ராக்ஸெல்லௌவெனன், பிறகு செங்குத்தாக ஏறி 1778 மீற்றரில் ஓபர்ஸ்டைன்பேர்க் மலை விடுதி, அதற்கும் மேலே 2065 மீற்றரில் ஓபர்ஹோர்ன் ஏரி. சிறிய ஏரிதான். ஆனால் பிரைட்ஹோர்ன் மலையின் பனிச்சரிவுகளுக்குக் கீழே அந்த நீலப்பச்சை நீரைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இந்த நடையை எப்படித் திட்டமிடுவது? நம்மில் பலர் "எத்தனை மணிக்குப் புறப்படுவது?" என்றுதான் தொடங்குகிறோம். நான் மாலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். எத்தனை மணிக்குக் கீழே வந்து சேர வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மற்ற நேரங்கள் எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி வரட்டும்.

ஆல்ப்ஸில் நடப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மணித்தியாலத்தில் 300 மீற்றர் உயரம் ஏறலாம், 500 மீற்றர் இறங்கலாம், சமதளத்தில் நான்கு கிலோமீற்றர் நடக்கலாம். உயரத்துக்கான நேரத்தையும் தூரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். ஸ்டெக்கல்பேர்க்கிலிருந்து ஏரி வரை ஏறத்தாழ 1150 மீற்றர் ஏற்றம். தூரத்தை ஒரு வழிக்கு எட்டுக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம், தூரத்துக்கு இரண்டு, அதில் பாதி ஒன்று, ஆக ஐந்து. இறங்குவதற்கு இதே கணக்கில் மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் இதைவிடக் குறைந்த நேரம் இருக்கலாம். அந்த நேரத்தில் ஓய்வு சேர்க்கப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். சாப்பிடுவது, படம் எடுப்பது, பிள்ளைகளின் சப்பாத்துக் கயிறு கட்டுவது எல்லாம் தனிக்கணக்கு.

இப்போது பின்னோக்கி வாருங்கள். மாலை ஐந்தரைக்குள் ஸ்டெக்கல்பேர்க்கில் இருக்க வேண்டுமானால், இரண்டு மணிக்கு ஏரியை விட்டுப் புறப்பட வேண்டும். அங்கே அரை மணித்தியாலம் இருக்க, ஒன்றரைக்கு வந்து சேர வேண்டும். வழியில் விடுதியில் அரை மணித்தியாலம் ஓய்வு. ஆகவே காலை எட்டு மணிக்கு நடை தொடங்க வேண்டும். பேர்ணிலிருந்து வருபவர்கள் அதிகாலையில் ரயில் பிடிக்க வேண்டும். சூரிச்சிலிருந்து வருபவர்கள் முதல்நாள் இரவே பள்ளத்தாக்கில் தங்குவது நல்லது.

இந்தத் தாளில் இன்னுமொரு நேரத்தை எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போடுங்கள்: நண்பகல் 12 மணி. அதற்குள் ஓபர்ஸ்டைன்பேர்க்கை அடையாவிட்டால் அன்றைக்கு ஏரி இல்லை. விடுதியின் முன்னால் அமர்ந்து, எதிரே விழும் ஷ்மாட்ரி அருவியை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். இந்த முடிவை வீட்டு மேசையில் எடுக்க வேண்டும். மேலே களைத்திருக்கும்போது, ஏரி பக்கத்தில்தான் என்று தெரிகிறபோது, யாராலும் அதை நிதானமாக எடுக்க முடியாது. விடுதி அந்த நாளில் திறந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் காலை வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பிற்பகலில் இடிமழை திரண்டுவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் அது ஒரு கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகளும் வெயில் ஏற ஏறப் பெருகும். விபத்துகளும் இறக்கத்தில், முழங்கால் தளர்ந்த பிறகு அதிகம் நேர்கின்றன. ஊன்றுகோல் இரண்டு கொண்டுபோனால் அதன் அருமை அப்போது தெரியும். பிற்பகலில் இடி என்று வானிலை அறிக்கை சொன்னால், விடுதியையே அன்றைய முடிவிடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பகுதிப் பாதை வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் குறியிட்ட மலைப்பாதை. அடி தவறாமல் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும், உயரத்தைக் கண்டு தலைசுற்றக் கூடாது, கணுக்காலைப் பிடிக்கிற, அடிப்பாகம் வழுக்காத சப்பாத்து வேண்டும். வெள்ளை–நீலம்–வெள்ளைக் குறியைக் கண்டால் அது இன்னும் கடினமான பாதை. பழக்கமில்லாமல் அதில் இறங்காதீர்கள். ஜூன் மாதத்தில் மேலே பழைய பனி கிடக்கக்கூடும் என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு ஜூலை நடுப்பகுதிக்குப் பின்னரே நல்லது.

ஏரியில் வெப்பம் கீழே இருப்பதைவிட ஏழு பாகை குறைவாக இருக்கும். கம்பளிச் சட்டை, மழையங்கி, ஆளுக்கு இரண்டு லிற்றர் தண்ணீர், ரொட்டி, பேரீச்சம்பழம், கச்சான், ஒரு கைவிளக்கு. மாடு மேயும் இடத்து ஓடை நீரைக் குடிக்க வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள். திறந்த படலையை மூடிவிட்டுப் போங்கள்.

அவசரத்துக்கு ரேகா மீட்புச் சேவையின் எண் 1414, ஐரோப்பாவெங்கும் 112. சில வளைவுகளில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம். அப்போது விளக்காலோ விசிலாலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு முறை என்று அறிவியுங்கள். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுவிட்டார்கள் என்று பொருள். ஹெலிகொப்டரைக் கண்டால் இரு கைகளையும் உயர்த்தி விரியுங்கள். உதவி வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

நேரங்களை எழுதிய அந்தத் தாளின் ஒரு படியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தப் பாதை, யார் யார், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் 1414ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கீழே வந்ததும் முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.

நன்றி. வணக்கம்.