மாதிரியை யார் எடுப்பது?

(நுகர்வோர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வேதியியல் துறைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். என்னை விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்தினார்கள். அப்படியெல்லாம் இல்லை. நான் நுகர்வோர் இயக்கத்துக்காரன். ஆய்வக அறிக்கையை அடிக்குறிப்பு வரை விடாமல் படிப்பவன், அவ்வளவுதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். இந்தப் பழமொழி இல்லாமல் எனக்குப் பேச வராது.

மூன்று விஷயங்கள் சொல்ல வந்திருக்கிறேன். அன்றாடப் பொருள்களில் என்ன நஞ்சு இருக்கிறது, அதை ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது, வீட்டில் நாம் என்ன செய்யலாம். முதலாவதைப் பேராசிரியர் விரிவாகவே சொல்லிவிட்டார்: பெயின்டிலும் மலிவு நகையிலும் ஈயம், காட்மியம், பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள், சில சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம். அதனால் ஒரு சம்பவத்துக்குப் போகிறேன்.

2006-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். நான்கு வயதுச் சிறுவன். வாந்தி என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். வயிற்றில் ஏதோ வைரஸ் தொற்று என்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். குழந்தைகளுக்கு வருவதுதானே, யாருக்குத்தான் சந்தேகம் வரும்? இரண்டு நாள் கழித்து மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாந்தி நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றுக்குள் இதய வடிவத்தில் ஒரு பொருள். இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு டெசிலிட்டரில், அதாவது நூறு மில்லிலிட்டரில், 180 மைக்ரோகிராம் ஈயம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே 180! மூளை வீங்கிவிட்டது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த இதயம் எங்கிருந்து வந்தது? காலணி வாங்கினால் இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் தொங்கட்டான் அது. காலணிகூட இவன் வீட்டுடையது இல்லை. விளையாடப் போன இன்னொரு குழந்தையின் வீட்டில் இருந்தது. பளபளவென்று, கையடக்கமாக, பார்த்தால் வெள்ளி மாதிரி. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது 99.1 சதவீதம் ஈயம். ஈயம் கலந்த நகை என்றுகூடச் சொல்ல முடியாது, ஈயத்தையே நகையாக வார்த்திருக்கிறார்கள்! அப்புறம் மூன்று லட்சம் கைச்சங்கிலிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

இங்கேதான் என் கதை தொடங்குகிறது. அதே மாதிரியான வேறு தொங்கட்டான்களையும் சோதித்தார்கள். ஈய அளவு ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். இதில் எதை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன அறிக்கை வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணால் காண்பது பொய், சரி. தீர விசாரிப்பது மெய். ஆனால் எதை விசாரிப்பது?

ஆய்வகத்தைக் குறை சொல்லவில்லை. அங்கே நடக்கும் வேலை நேர்த்தியானது. எக்ஸ்.ஆர்.எஃப். என்ற கைக்கருவியைப் பொருளின் மேல் வைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். சில நொடிகளில் ஈயம் தெரிந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் பார்க்கும். தாலேட் போன்ற கரிமச் சேர்மங்கள் அதன் கண்ணுக்குப் படாது. அவற்றைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவிக்குள் அனுப்ப வேண்டும். உலோகத்தை நுட்பமாக அளக்க, பொருளை அமிலத்தில் கரைத்துப் பல ஆயிரம் டிகிரி சூட்டில் ஒளிரும் வாயுவான பிளாஸ்மாவுக்குள் தெளிக்கிறார்கள். ஐரோப்பியப் பொம்மைத் தரத்தில் இன்னொரு அழகான சோதனை உண்டு. உடல் சூடான 37 டிகிரியில், இரைப்பை அமிலத்தைப் போன்ற நீர்த்த அமிலத்தில் இரண்டு மணி நேரம் போட்டு, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். துறைத் தலைவர் தலையசைக்கிறார், அப்படியானால் நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. 2008-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின்படி இப்போது குழந்தைகள் பொருளில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. கருவி இருக்கிறது, வரம்பு இருக்கிறது. பின் எங்கே ஓட்டை? அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள்: 'இம்முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரமே அப்படிப் போடச் சொல்கிறது. நேர்மையான வரிதான். ஆனால் அந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்து அனுப்புபவர் பல நேரம் பொருளைத் தயாரித்தவரே. கேள்வித்தாளை மாணவனே எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்துவதற்கு மட்டும் கண்டிப்பான ஆசிரியரை வைத்த மாதிரி. ஆசிரியர் என்னதான் செய்வார்?

ஆகவே எங்கள் இயக்கத்தின் கோரிக்கை இதுதான். மாதிரியைக் கடைத் தட்டிலிருந்து, யாருக்கென்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளர்போல வாங்க வேண்டும். வெவ்வேறு தொகுதி எண்களில், அதாவது வெவ்வேறு தடவையில் தயாரானவற்றிலிருந்து, வாங்க வேண்டும். முடிவைத் தொகுதி எண்ணோடும் சோதனை முறையோடும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தேறியவற்றையும் வெளியிட வேண்டும். நல்ல பொருள் செய்பவருக்கும் அது நியாயம். செலவு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். விற்பனைக்கு அனுமதி தரும்போது ஒரு சிறு கட்டணமாக வாங்கிப் பொது நிதியில் போடலாம், காசோலை தயாரிப்பாளரின் கையிலிருந்து ஆய்வகத்துக்கு நேராகப் போகக் கூடாது. ஈயத்துக்குத் தடை வந்ததும் சில மலிவு நகைகளில் காட்மியம் புகுந்ததே, அதையெல்லாம் எந்த நஞ்சைச் சோதிப்பது என்ற பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது. தீர விசாரிப்பது என்றால் பட்டியலில் இல்லாததையும் விசாரிப்பது.

தலைவர் அவர்கள் இரண்டாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். வீட்டில் என்ன செய்யலாம் என்ற மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, மன்னிக்கவும்; கேள்வி நேரத்தில் யாராவது கேளுங்கள். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் கையெழுத்தும், கையெழுத்து இடத்தில் பெயரும் போட்டுவிடாதீர்கள், சென்ற கூட்டத்தில் அப்படி நிறைய வந்தது. வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.